மும்முனை மின்சாரத்தில் எங்கள் முறை

என் மகள் பிறந்த வருடம் வளைகுடாவுக்குப் போனவர் என் கணவர். அவள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வரும்வரை எங்கள் குடும்பம் போனில்தான் நடந்தது. அவர் அங்கே ஒரு கப்பல் பட்டறையில் இரும்புத் தகடு வெட்டினார். நான் பாபநாசத்துக்குப் பக்கத்தில், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், சத்துணவு அமைப்பாளராக முட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். நிம்மதியாகச் சண்டை போடக்கூட வழியில்லை. நான் நன்றாகச் சூடேறி வரும்போது சிக்னல் போய்விடும். திரும்பக் கிடைக்கும்போது அவர், "சாப்பிட்டியா?" என்று கேட்பார்.

ஒரு மாசி மாதம் விடுமுறையில் வந்தார். வந்த மறுநாள் காலை, இட்லியைப் பிட்டபடியே, "இங்கேயே பட்டறை போட்டுட்டா என்ன?" என்றார். பிளாஸ்மா கட்டர் ஒன்று வாங்குவாராம். ரோட்டோரம் இருக்கும் எங்கள் மனையில் தகரக் கொட்டகை போட்டு டிராக்டர்களுக்குக் கேஜ் வீல் செய்வாராம். கேஜ் வீல் என்றால் சேற்றுழவுக்காக டிராக்டரில் மாட்டுகிற இரும்புச் சக்கரம். எங்கள் பக்கத்தில் அது இல்லாமல் நடவு இல்லை.

"ஆறு மாசத்துக்கு மேல வெளிய இருந்தா விசா செத்துரும். அதுக்குள்ள பட்டறை நின்னுச்சுன்னா நிக்கிறேன். இல்லன்னா வழக்கம்போல கிளம்புறேன்" என்றார்.

"உங்க இஷ்டம்" என்றேன்.

ஊரில் பால்காரரிலிருந்து பஞ்சாயத்துத் தலைவர்வரை என் வாய்க்குப் பயந்தவர்கள்தான். ஆனால் அவர் போகக் கூடாது என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு ஆசையே கிடையாது என்பதை என் புருஷனிடம் மட்டும் சொல்ல வரவில்லை. கேட்டு, அதற்காக அவர் இருந்து, பட்டறை படுத்துவிட்டால் அந்தப் பழி காலமெல்லாம் என் தலையில் விழும் என்ற பயம். அதோடு கொஞ்சம் வீம்பும் உண்டு.

பிளாஸ்மா கட்டர் எப்படி வேலை செய்கிறது என்று அவர் எனக்குப் பல தடவை விளக்கினார். நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். அழுத்தமான காற்றை ஒரு சின்ன மூக்கு வழியாக ஊதி, அதற்குள் மின்சாரத்தை விட்டால், அந்தக் காற்றே நெருப்பைவிடச் சூடாகி இரும்பை வெண்ணெய் மாதிரி அறுக்கும். கேஸ் கட்டிங் என்றால் தஞ்சாவூரிலிருந்து சிலிண்டர் வர வேண்டும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் வெட்டாது. இதற்கு ஊரில் கிடைக்கிற காற்று போதும். காற்றுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் மின்சாரத்தில் இருந்தது.

தொழிலுக்கென்று தனி மும்முனை இணைப்பு வாங்க மின்வாரிய அலுவலகத்துக்குப் போனோம். பொறியாளர் ஒரு இளம்பெண். எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று கேட்டார். என் கணவர் நெஞ்சை நிமிர்த்தி, "நூறு ஆம்பியர், மேடம்" என்றார்.

அந்தப் பெண் பேனாவை மூடிவிட்டார். "நூறா? உங்க தெரு டிரான்ஸ்ஃபார்மரே அதுக்குப் பக்கத்துலதாங்க தாங்கும். ஊரையே அணைச்சிட்டு நீங்க மட்டும் வெட்டப் போறீங்களா?"

நான் கடையில் பார்த்தபோதே மிஷினின் முதுகில் இருந்த தகட்டைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். அதைப் பெரிதாக்கிக் காட்டினேன். பொறியாளர் படித்துவிட்டுச் சிரித்தார். நூறு ஆம்பியர் என்பது வெட்டுகிற முனையில் வருவது. மிஷின் உள்ளே இழுப்பது இருபத்திரண்டு, இருபத்து மூன்றுதான். நானூற்றுப் பதினைந்து வோல்ட்டில் உள்ளே போவதை மிஷின் நூற்றுச் சொச்சமாக இறக்கி, அதற்கு ஈடாக ஆம்பியரை ஏற்றிக்கொள்கிறதாம். காற்றுக்கு ஐந்து குதிரைத்திறன் கம்ப்ரசர், கிரைண்டர், விளக்கு எல்லாம் சேர்த்து இருபது கிலோவாட் கேட்டால் போதும் என்றார்.

"எனக்குத் தெரியும், சும்மா சொன்னேன்" என்று வெளியே வந்ததும் என் கணவர் சொன்னார். நான் வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன், அவ்வளவுதான்.

இணைப்பு வருவதற்குள் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். என் பெரியப்பா மகன், கொட்டகைக்குப் பின்னால் பம்புசெட் வைத்திருக்கிற அண்ணன், "எதுக்கு மாப்ள இந்த அலைச்சல்? என் மோட்டார் கொட்டகையிலேருந்து ஒரு வயர இழுத்துக்குங்க, அரசாங்கம் சும்மாதான குடுக்குது" என்றார். விவசாயத்துக்குக் கொடுக்கிற இலவச மின்சாரத்தில் தொழில் செய்தால் மாப்பிள்ளையும் மச்சானும் சேர்ந்து கம்பி எண்ண வேண்டியதுதான் என்று நான் சொன்னேன். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பங்குனி கடைசியில் இணைப்பும் வந்தது, மிஷினும் வந்தது. எங்கள் பக்கத்தில் மும்முனை மின்சாரம் நாள் முழுக்க இருக்காது. காலையில் சில மணி நேரம், நடுப்பகலிலிருந்து சில மணி நேரம். மற்ற வேளையில் இரண்டு முனைதான். வீட்டு விளக்குக்கும் மிக்சிக்கும் அது போதும், பெரிய மோட்டாருக்குப் போதாது. ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கன்டென்சர் பெட்டி ஒன்றை மாட்டி, இல்லாத மூன்றாவது முனையை இருப்பதுபோல் காட்டி மோட்டாரை ஏமாற்றுவார்கள். மோட்டாரும் முனகிக்கொண்டே ஏமாறும்.

மிஷின் வந்து இறங்கியது இருமுனை நேரத்தில். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. மும்முனை வரட்டும் என்று என் கணவர் சொல்லச் சொல்ல, தன் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். "கன்டென்சர் போட்டு ஓடாத மோட்டார் இந்த ஊர்லயே கிடையாது, மாப்ள."

"இது மோட்டார் இல்ல மச்சான்."

"எல்லாம் கரண்டுதான?"

மாட்டினார்கள். மிஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. மூன்றாவது முனை இல்லை என்று அது கண்டுபிடித்துவிட்டது. அண்ணன் விடாமல் இன்னொரு பெட்டியையும் சேர்த்து மாட்டினார். டொப்பென்று ஒரு சத்தம், கொட்டகை முழுக்கப் புகை. வெடித்தது பெட்டிதான், மிஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கணவர் அன்று அண்ணனோடு பேசவே இல்லை. நான் அவருக்கும் சேர்த்துப் பேசிவிட்டேன்.

மறுநாள் காலை மும்முனை வந்தது. தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, என் கணவர் தகட்டின் மேல் கட்டரின் மூக்கை வைத்தார். நீல ஒளி சீறியது, நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு அங்குலம் வெட்டியிருக்கும், அணைந்துவிட்டது. மறுபடி வைத்தார், மறுபடி அணைந்தது. மீட்டரைப் பார்த்தால் நானூற்றுப் பதினைந்து இருக்க வேண்டிய இடத்தில் முந்நூற்று முப்பது. அவ்வளவு குறைந்தால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மிஷின் நின்றுவிடுமாம்.

அதற்குப் பிறகு வந்த சித்திரை முழுக்க அவர் மிஷினோடு மல்லுக்கட்டினார். மிஷினைத் திறந்து பார்த்தார், கேபிளைத் தடிமனாக மாற்றினார், கோயம்புத்தூரிலிருந்து ஆள் வந்து பார்த்து மிஷின் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு நாள் வாடகைக்கு ஜெனரேட்டர் கொண்டுவந்தார். மிஷின் வெட்டத் தொடங்கியதும் ஜெனரேட்டர் இருமி இருமி நின்றது. மிஷின் கேட்பதைப்போல இரண்டு பங்கு பெரிய ஜெனரேட்டர் வேண்டும், அது குடிக்கிற டீசலுக்குத்தான் பட்டறை நடத்த வேண்டியிருக்கும் என்று ஜெனரேட்டர்காரரே சொன்னார்.

வைகாசி பிற்பாதியில், கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம், ஒரு சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தேன். அவர் தன் பேன்ட்களை எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஊரில் அவர் கைலியைத் தவிர எதுவும் கட்ட மாட்டார்.

"எங்க கிளம்புறீங்க?"

"இப்ப இல்ல. சும்மா எடுத்து வைக்கிறேன்."

நான் அடுப்படிக்குள் போய்ப் பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவினேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதில் என்ன வெட்கம்.

அந்த வாரத்தில் ஒரு நாள் கோடை மழை விடிய விடியப் பெய்தது. தூறல் விழுந்தாலே போய்விடுகிற மின்சாரம் அதிசயமாக அன்று போகவில்லை. காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினால் கொட்டகையிலிருந்து சர்ரென்று ஒரே சத்தம். எட்டிப் பார்த்தேன். தகடு நீளத்துக்கு அறுந்து விழுந்துகொண்டிருந்தது. அன்று முழுக்க வெட்டினார். ராத்திரிச் சாப்பாட்டில் மகளிடம் ஜோக்கெல்லாம் சொன்னார். "மிஷின் செட் ஆயிடுச்சு, புதுசுல்ல, அதான் முரண்டு புடிச்சிருக்கு" என்றார்.

இரண்டு நாள் கழித்து வெயில் அடித்தது. மிஷின் படுத்துக்கொண்டது. அடுத்த வாரம் இன்னொரு மழை, மறுபடி வெட்டியது.

"என்னங்க இது, நெல்லுகூட இவ்வளவு மழைக்கு ஆசைப்படாது" என்று சொல்லிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனேன். அங்கே சமையல்காரம்மா ஒரே சிலிண்டரில் எல்லா அடுப்பையும் முழுசாகத் திறந்துவிட்டு, சோறு வேகவில்லை, சாம்பார் கொதிக்கவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார். "ஒன்னொன்னா வைங்கம்மா" என்று சொன்னேன். சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். மழை பெய்தால் வயலில் தண்ணீர் நிற்கும். தண்ணீர் நின்றால் எவரும் பம்புசெட்டை ஓட்ட மாட்டார்கள்.

மதியமே கொட்டகைக்கு ஓடினேன். மும்முனை வருகிற நேரத்தில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருவரும் நின்றோம். வந்த நொடியில் நானூற்றுப் பதினைந்து. அடுத்த நொடியில் எங்கள் டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிற ஆறு மோட்டாரும் ஒன்றாக உறுமின. முந்நூற்று முப்பது.

காரணம், ஊரில் எல்லாரும் வைத்திருக்கிற ஆட்டோ சுவிட்ச். மின்சாரம் எப்போது வரும் என்று வயலில் போய்க் காத்திருக்க யாராலும் முடியாது. அதனால் ஸ்டார்ட்டரை ஆட்டோவில் போட்டுவிட்டு வீட்டில் இருப்பார்கள். மும்முனை வந்ததும் மோட்டார் தானாகக் கிளம்பிவிடும். ஒருவர் போட்டால் மற்றவர் போடாமல் இருப்பாரா? நமக்கு முந்தி அவன் தண்ணீர் பாய்ச்சிவிடுவானே. ஆறு பேரும் போட்டு, ஆறு மோட்டாரும் அரை உயிரில் ஓடி, பாதிக் குழாய்க்குத் தண்ணீர் வரும். அதுதான் வழக்கம் என்று எல்லாரும் பழகிவிட்டோம்.

"ஆறு பேர்கிட்டயும் போய் எனக்காக மோட்டார நிறுத்துங்கன்னா கேக்க முடியும்?" என்றார் என் கணவர்.

"நீங்க கேக்க வேணாம்" என்றேன்.

அந்த ஆறில் பெரிய மோட்டார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருடையது. ஒரு காலத்தில் ஊர் நிலத்தில் பாதி அவர் குடும்பத்துடையது. என் அம்மா அந்த வயல்களில்தான் நடவு நட்டு எங்களை வளர்த்தார். அந்த வீட்டுக்காரர்களை அம்மா "ஐயா" என்றுதான் கூப்பிடுவார், வாசலுக்கு வெளியே நின்று. நான் "சார்" என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் வீட்டம்மா காபி கொடுத்தார்.

"சார், வாய்க்கால்ல தண்ணி கொறைஞ்சா என்ன பண்ணுவோம்?"

"முறை வைப்போம். இதென்னம்மா கேள்வி?"

எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி அது. தண்ணீர் போதாதபோது யார் வயலுக்கு எந்நேரம் என்று பேசி வைத்துக்கொள்வார்கள். அவரவர் முறையில் அவரவர் மடை திறக்கும், மற்றதெல்லாம் மூடியிருக்கும். அடிதடி ஊரில்கூட முறையை மீறினவன் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

"கரண்டுக்கும் அப்படி ஒரு முறை வைக்கணும் சார்."

அவர் சிரித்தார். "கரண்டு என்ன வாய்க்கால்லயா வருது?"

"கம்பியில வருது. ரெண்டும் மேலேருந்துதான் வருது, நம்ம கடைமடைக்கு வர்றப்ப ரெண்டும் சூம்பிடுது. உங்க மோட்டாருக்கு இந்த வருஷம் எத்தன தடவ காயில் கட்டினீங்க சார்?"

சிரிப்பு நின்றது. எரிந்துபோன மோட்டாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு பாபநாசத்துக்கு அவர் அலைந்ததை ஊரே பார்த்திருக்கிறது. காயில் கட்டுகிற மெக்கானிக் மட்டம் என்று அவர் திட்டிக்கொண்டிருந்தார். வோல்டேஜ் இல்லாமல் முக்கி முக்கி ஓடித்தான் காயில் கருகுகிறது என்று நான் சொன்னேன். மூன்று மோட்டார் ஒரு வேளை, மூன்று மோட்டார் மறு வேளை என்று ஓட்டினால் குழாய் நிறையத் தண்ணீர் வரும், பாதி நேரத்தில் வயல் நிரம்பும். மதியம் எல்லாரும் சாப்பிட்டுப் படுக்கிற இரண்டு மணி நேரத்தை எங்கள் பட்டறைக்கு விட்டால் போதும். வெட்டுகிற வேலையை அதற்குள் முடித்துக்கொள்வோம், வெல்டிங் வைத்து ஒட்டுகிற வேலைக்கு இருக்கிற மின்சாரமே போதும்.

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "எங்க தாத்தா காலத்துல முறைய எங்க வீட்டு வாசல்லதான் பேசுவாங்க" என்றார்.

"இப்ப டிரான்ஸ்ஃபார்மருகிட்ட பேசலாம் சார். அதுதான் எல்லாருக்கும் நடுவுல இருக்கு."

வெளியே வந்த பிறகு, அம்மா இருந்திருந்தால் என் வாயைப் பொத்தியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துப் புங்க மரத்தடியில் ஆறு பேரும் கூடினார்கள். எதிர்த்தது வேற்று மனிதர் இல்லை, என் அண்ணன்தான். "அவரு இரும்பு வெட்ட நான் ஏன் மோட்டார நிறுத்தணும்? என் குறுவைக்கு யார் பதில் சொல்றது?" என்று குதித்தார். தலைமையாசிரியர்தான், "ஒரு வாரம் பாப்போம்ப்பா. நாத்து வாடுச்சுன்னா நானே முறைய கலைச்சிடுறேன்" என்று அடக்கினார்.

முதல் நாள் எங்கள் முறையில் ஒரு மோட்டார் உறுமியது. அண்ணன் ஆட்டோ சுவிட்சை அணைக்கவில்லை. ஒரே மோட்டார் என்பதால் மிஷின் தாங்கிக்கொண்டது, வெட்டும் நிற்கவில்லை. ஆனால் சற்று நேரத்தில் உச்சி வெயிலில் குடை பிடித்துக்கொண்டு தலைமையாசிரியர் வரப்பில் நடந்து போவதைப் பார்த்தேன். அண்ணனின் மோட்டார் கொட்டகைக்குள் போனார், மோட்டார் நின்றது. அதே குடையோடு திரும்பி வீட்டுக்குப் போய்விட்டார். எங்கள் முறை முடிந்து அண்ணன் தன் முறையில் மோட்டார் போட்டபோது குழாய் வாயை அடைத்துக்கொண்டு தண்ணீர் விழுந்தது. அப்படி விழுந்து பல வருடம் ஆகிவிட்டது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாராம், அண்ணி சொன்னார். அதன் பிறகு முறையை மீறுகிறவர்களைத் தேடிப் போய்த் திட்டுகிற வேலையை அண்ணனே எடுத்துக்கொண்டார். அதில் அவருக்கு ஒரு தனி சந்தோஷம்.

வாரம் முடிந்தது, மாதமும் முடிந்தது. யாருக்கும் நாற்று வாடவில்லை, யார் மோட்டாரும் எரியவில்லை. கூத்தாநல்லூரிலிருந்து டிராக்டர்களை வாடகைக்கு விடுகிற பாய் ஒருவர் கேள்விப்பட்டு வந்தார். வெட்டின ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். "பிசிறே இல்லையே, தம்பி" என்று சொல்லி, சம்பாவுக்கு முன்னால் தன் எல்லா வண்டிக்கும் கேஜ் வீல் வேண்டும் என்றார்.

இவ்வளவும் நடந்தும் என் கணவர் போவதைப் பற்றியோ இருப்பதைப் பற்றியோ வாய் திறக்கவில்லை. இஸ்திரி போட்ட பேன்ட்கள் அலமாரியில் அப்படியே இருந்தன. ஆவணி வந்துவிட்டது, ஆறு மாதம் முடியப் போகிறது. காலண்டரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சலை மகளிடம் காட்டினேன். "அப்பாகிட்ட கேளும்மா, என்கிட்ட ஏன் கத்துற" என்றாள். நியாயம்தான். ஆனாலும் கேட்கவில்லை.

விடுமுறை நாள் ஒன்று. மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். எங்கள் முறை ஓடிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார். மேஜைமேல் இருந்த அவர் போன் அடித்தது. எடுத்தேன். வளைகுடாக் கப்பல் பட்டறையின் ஃபோர்மேன், திருநெல்வேலிக்காரர். டிக்கெட் போட வேண்டும், எப்போது கிளம்புகிறார் என்று கேட்டார்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். ஒளி அணைந்தது. நிமிர்ந்து பார்த்தார்.

"கம்பெனியிலேருந்து. எப்ப வர்றீங்கன்னு கேக்குறாங்க."

அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "வரலன்னு நீயே சொல்லிடு. இன்னும் அரை மணி நேரம்தான் முறை இருக்கு" என்று சொல்லிவிட்டு, மறுபடி தகட்டின்மேல் குனிந்துவிட்டார்.

சீறல் சத்தத்தில் பேச முடியாது. வெளியே வந்தேன். போனைப் பொத்தியிருந்த கையை எடுத்தேன். "அவர் வர மாட்டாருங்க" என்றேன்.

"ஏம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்காரு" என்றேன். "வேலையா இருக்காரு."